கன்று வீச்சும் விடாத காய்ச்சலும்

ஏழு மாதச் சினை மாடு ராத்திரியில் கன்றை வீசிவிடுகிறது. முந்தின நாள் சாயங்காலம் வரை நன்றாகத் தீவனம் எடுத்து, அசைபோட்டுக்கொண்டு நின்ற மாடு. விடியற்காலையில் சாணி அள்ள வரும் வீட்டுக்காரம்மாள், முழு வளர்ச்சி அடையாத கன்று கட்டுத்தறியில் செத்துக் கிடப்பதைப் பார்க்கிறார். நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்குகிறது. கண்ணு பட்டுவிட்டது என்கிறார் மாமியார். சூட்டால் வந்தது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வேறு மாடு முட்டியிருக்கும் என்கிறார் பால் வாங்க வந்தவர். பேச்சு ஒருபக்கம் நடக்க, வேலையும் நடக்கிறது. கன்றை வெறுங்கையால் தூக்கிக் குப்பைமேட்டில் போடுகிறார்கள். தொங்கும் கொடியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். நனைந்த வைக்கோலை வாரித் தள்ளுகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் வருகிறது. காலையில் இல்லை, பொழுது சாயும்போது ஏறுகிறது, நடுச்சாமத்தில் ஆடை நனைய வேர்த்து இறங்குகிறது. இடுப்பிலும் மூட்டுகளிலும் அடித்துப் போட்டது போல வலி. டைபாய்டு என்று ஊசி போடுகிறார்கள். தணிகிறது, திரும்ப வருகிறது. மாடு கன்று வீசியதைக் கால்நடை மருத்துவரிடம் சொன்ன குடும்பம், அதைக் காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. இரண்டு மருத்துவர்களுக்கு நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் புருசெல்லோசிஸ் என்ற நோய் பல கிராமங்களில் பேர் தெரியாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

கன்று வீச்சு எல்லாமே இந்த நோயால் வருவதில்லை. ஆனால் சினையின் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கன்று விழுந்து, நஞ்சுக்கொடியும் தங்கிப் போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் புருசெல்லா பாக்டீரியாவும் ஒன்று. மாட்டில் பெரும்பாலும் காணப்படுவது புருசெல்லா அபார்ட்டஸ். வெள்ளாட்டிலும் செம்மறியிலும் இருப்பது புருசெல்லா மெலிடென்சிஸ். மனிதரை அதிகம் வாட்டுவதும் அதுதான். பன்றிக்கும் நாய்க்கும் தனித்தனி வகைகள் உண்டு. ஆடும் மாடும் ஒரே கொட்டகையில் கட்டப்படும்போது ஆட்டின் கிருமி மாட்டுக்கும் தாவும்.

இந்தக் கிருமி கருப்பையைத் தேடிப்போவதற்கு ஒரு வேதியியல் காரணம் இருக்கிறது. மாடு, ஆடு, பன்றி இவற்றின் நஞ்சுக்கொடியில் எரித்ரிடால் என்ற ஒருவகைச் சர்க்கரை ஆல்கஹால் மிகுந்திருக்கிறது. புருசெல்லாவுக்கு அது விருப்பமான உணவு. குளூக்கோஸை விட அதையே முதலில் எடுத்துக்கொள்ளும். பிரிட்டனைச் சேர்ந்த ஹாரி ஸ்மித் குழுவினர் 1960களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தார்கள். சினை முற்ற முற்ற அந்தச் சர்க்கரையும் கூடுகிறது, கிருமியும் பெருகுகிறது. கடைசியில் கொடி அழற்சி கண்டு சிதைகிறது, கன்றுக்குப் போக வேண்டிய ஊட்டம் நின்றுபோகிறது. அதனால்தான் சினையின் பிற்பாதியில் கன்று விழுகிறது. அப்போது வெளியேறும் கொடியிலும் நீரிலும் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். மனிதருக்குத் தொற்று வருவதற்கோ பத்து முதல் நூறு கிருமிகள் போதும்.

அடுத்த முறை அதே மாடு பெரும்பாலும் நல்லபடியாகக் கன்று ஈன்றுவிடும். இங்கேதான் விவசாயி ஏமாந்துபோகிறார். போன தடவை ஏதோ போதாத காலம், இப்போது சரியாகிவிட்டது என்று நிம்மதியடைகிறார். ஆனால் மாட்டின் மடியிலும் நிணநீர்க் கணுக்களிலும் கிருமி தங்கியிருக்கிறது. ஒவ்வொரு ஈற்றின்போதும் கொட்டகையில் சிந்துகிறது, பாலிலும் விட்டுவிட்டு இறங்குகிறது. நல்ல வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சாகும் இந்தக் கிருமி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணிலும் சாணத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

நஞ்சுக்கொடியை என்ன செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் பல ஊர்களில், விழுந்த கொடியைப் பழைய சாக்கில் வைக்கோலோடு சுற்றி, ஊர் எல்லையில் உள்ள ஆலமரக் கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆலமரம் போலப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நாய்க்கும் நரிக்கும் எட்டாமல் வைப்பது என்ற வகையில் அதில் ஒரு கவனமும் இருந்தது. நாய் கொடியைத் தின்றால் அதற்கும் தொற்றும், இழுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் கிருமி சிந்தும். ஆனால் கொடியை வெறுங்கையால் அள்ளி, சாக்கில் திணித்து, தோளில் போட்டுக்கொண்டு போகிறவரின் நிலை? அறுப்பில் கிழித்த கை, வெடித்த குதிகால், நகக்கண்ணில் சிராய்ப்பு என்று கிருமி நுழைய வாசல்கள் எத்தனையோ. கொடியைக் கையுறை போட்டு எடுத்து, ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே பாதுகாப்பு. தங்கிய கொடியைக் கையை விட்டு எடுக்கும் வேலையைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுவது மாட்டுக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது.

தொற்று தோல் வழியாக மட்டும் வருவதில்லை. காய்ந்த கொட்டகையைக் கூட்டும்போது எழும் தூசியை மூச்சில் இழுத்தாலும் வரும்; ஈற்று நீர் கண்ணில் தெறித்தாலும் வரும். காற்றுவழி பரவல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சீனாவின் லான்ஜோ நகரம் சாட்சி. 2019 ஜூலை, ஆகஸ்டில் அங்குள்ள கால்நடைத் தடுப்பூசித் தொழிற்சாலை ஒன்றில் காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தினார்கள். கழிவுக் காற்றோடு கிருமி வெளியேறி, அக்கம்பக்கத்தில் 10,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் மாட்டையோ ஆட்டையோ தொட்டவர்கள்கூட இல்லை.

அடுத்தது பால். கறந்த சூட்டோடு, நுரையோடு பால் குடித்தால் உடம்புக்கு வலு என்று சொல்லிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆட்டுப்பாலை மருந்தென்று பச்சையாகவே கொடுக்கிறவர்களும் உண்டு. பாலைப் பொங்கக் காய்ச்சினால் புருசெல்லா பிழைக்காது. 72 டிகிரி செல்சியஸில் 15 வினாடி வைக்கும் பாஸ்டரைசேஷனே அதைக் கொன்றுவிடும். காய்ச்சிய பாலை உறைக்கு ஊற்றும் நம் வீட்டுத் தயிரும், ஆவியில் வேகவைத்த சீம்பாலும் பயமில்லாதவை. பச்சைப் பாலில் செய்யும் மென்மையான பாலாடைக்கட்டியை விரும்பிச் சாப்பிடும் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் மேற்காசியாவிலும் இந்த நோய் அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உடம்புக்குள் நுழைந்த கிருமியை வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. சாதாரணமாக அத்தோடு கதை முடிந்துவிடும். புருசெல்லாவோ, திருடன் காவல் நிலையத்திலேயே குடியேறியது போல, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே செரிக்கப்படாமல் தப்பி, அங்கேயே பெருகுகிறது. அந்த அணுக்களில் ஏறிக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, முதுகெலும்பு என்று பயணம் போகிறது. பொதுவாக ஒன்று முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். ஏறி இறங்கி வரும் காய்ச்சல், பசியின்மை, மெலிவு, சொல்லத் தெரியாத அசதி, மனச்சோர்வு. நோயாளியின் வியர்வை நனைந்து மக்கிய வைக்கோல் போல வாடை அடிக்கும் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆண்களுக்கு விதைப்பை வீங்கலாம். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையலாம். இடுப்பு மூட்டையும் முதுகெலும்பையும் தாக்கினால் குனிந்து நிமிர முடியாது. இறப்பு நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அதில் பெரும்பங்கு இதய வால்வைக் கிருமி தாக்குவதால் நேர்கிறது. கொல்வதை விட, வேலை செய்து பிழைக்கிறவரை மாதக்கணக்கில் படுக்கவைப்பதே இந்த நோயின் கொடுமை.

ஒரு காலத்தில் இதற்கு மால்டா காய்ச்சல் என்று பெயர். மத்தியதரைக்கடலில் உள்ள மால்டாத் தீவில் தங்கியிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள். 1887-ல் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ், இறந்த சிப்பாய் ஒருவரின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். கிருமி கிடைத்துவிட்டது, எங்கிருந்து வருகிறது என்பது பதினெட்டு ஆண்டுகள் புரியவில்லை. 1905-ல் மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட், சோதனைக்கு எடுத்த வெள்ளாடுகளின் ரத்தத்தைப் பார்த்தபோது ஆறில் ஐந்து ஆடுகள் ஏற்கெனவே தொற்றுக்கு உள்ளானவை என்று தெரிந்தது. எல்லாமே கொழுகொழுவென்று ஆரோக்கியமாகத் தெரிந்த ஆடுகள். அந்தத் தீவில் ஆட்டை வாசலுக்கே ஓட்டிவந்து, கேட்ட அளவுக்குக் கறந்து கொடுப்பது வழக்கம். கண் எதிரே கறந்த பாலில் கலப்படம் இருக்காது என்று மக்கள் நம்பினார்கள். 1906-ல் படைகளுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. சிப்பாய்களிடையே காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. ஊர் மக்கள் மட்டும் வழக்கம்போல அதே பாலைக் குடித்து, அதே காய்ச்சலில் படுத்தார்கள். தலைநகர் வல்லெட்டாவுக்குப் பாஸ்டரைசேஷன் வந்தது 1938-ல்தான். கண்டுபிடிப்புக்கும் அதன் பலன் எளிய மக்களைச் சேர்வதற்கும் நடுவில் முப்பத்து மூன்று ஆண்டுகள்.

மாட்டின் கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பேங், 1897-ல் கன்று வீசிய மாடுகளிலிருந்து ஒரு கிருமியைக் கண்டெடுத்தார். மால்டா ஆட்டுக் கிருமியும் டென்மார்க் மாட்டுக் கிருமியும் நெருங்கிய உறவு என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைச் சொன்னவர் அமெரிக்காவின் ஆலிஸ் எவன்ஸ். 1918-ல் அவர் தன் ஆய்வை வெளியிட்டு, பச்சைப் பசும்பாலும் ஆபத்தாக இருக்கலாம் என்றார். முனைவர் பட்டம் இல்லாத ஒரு பெண் சொல்வதை ஏற்கப் பெரிய விஞ்ஞானிகள் தயாராக இல்லை. பால் தொழில் செய்தவர்களும் எதிர்த்தார்கள். 1922-ல் ஆய்வகத்திலேயே அவருக்குத் தொற்று ஏற்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் விட்டுவிட்டு வாட்டிய அந்தக் காய்ச்சலை முதலில் நரம்புத் தளர்ச்சி என்று ஒதுக்கினார்கள். நோயைப் பற்றி உலகுக்குச் சொன்னவருக்கே இந்த நிலை என்றால், பால் கறந்து பிழைக்கும் ஒரு பெண் தன் அசதியைச் சொல்லும்போது யார் காது கொடுப்பார்கள்? அமெரிக்க பாக்டீரியாவியலாளர் சங்கம் 1928-ல் எவன்ஸைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

உலகில் ஆண்டுக்கு 5 லட்சம் பேருக்கு இந்நோய் வருவதாக நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு அதை 21 லட்சம் வரை உயர்த்தியிருக்கிறது. எண்ணிக்கை திடீரென்று கூடிவிடவில்லை. கணக்கில் வராமல் போனவர்களையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தேடினால் கிடைக்கும் என்பதற்குக் கர்நாடகத்தின் பிஜாப்பூர் பகுதி நல்ல உதாரணம். அங்குள்ள நுண்ணுயிரியல் துறையினர் காய்ச்சலோடு வருகிறவர்களின் ரத்தத்தில் இதையும் சோதிப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். பதினாறு ஆண்டுகளில் 495 பெரியவர்களுக்கு நோய் இருப்பது தெரியவந்தது. குழந்தைகளைப் பற்றித் தனியே வெளியிட்ட ஆய்வில் 93 பேர். பிஜாப்பூரில் மட்டும் இந்த நோய் அதிகம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அங்கே தேடினார்கள், மற்ற பல மாவட்டங்களில் தேடவில்லை.

சோதனை ஒன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. ரோஸ் பெங்கால் சோதனைக்கு வெள்ளைத் தட்டு ஒன்று போதும். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர் ஒரு சொட்டு, அதன் பக்கத்தில் இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய செத்த கிருமிகள் கலந்த திரவம் ஒரு சொட்டு. குச்சியால் கலக்கி, தட்டை மெதுவாக ஆட்ட வேண்டும். நாலு நிமிடத்துக்குள் அந்தச் சிவப்பு நீர் திரிந்து, திப்பி திப்பியாக மணல்போல் திரண்டால் தொற்று இருக்கலாம் என்று பொருள். திரளாமல் ஒரே சீராக நின்றால் பெரும்பாலும் பயமில்லை. மாட்டுக்கும் மனிதருக்கும் இதே சோதனைதான். உறுதிசெய்ய எலிசா போன்ற சோதனைகள் உண்டு. ரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு வளர்த்தும் பார்க்கலாம். கிருமி மெதுவாக வளரும் என்பதால் பொறுமை வேண்டும். ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டும், ஏனென்றால் ஆய்வகப் பணியாளர்களுக்கு அதிகம் தொற்றும் கிருமிகளில் இதுவும் ஒன்று.

பிரச்சினை, அந்தச் சோதனையை எழுதிக் கொடுக்க மருத்துவருக்குத் தோன்ற வேண்டும் என்பதுதான். மாலைக் காய்ச்சலைப் பார்த்ததும் டைபாய்டு நினைவுக்கு வருகிறது. ராத்திரி வேர்வையும் மெலிவும் முதுகு வலியும் சேர்ந்தால் காசநோய் நினைவுக்கு வருகிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் புருசெல்லாவையும் ஓரளவு அடக்கும். நோயாளிக்கு உடம்பு கொஞ்சம் தேறும், காசநோய்தான் என்று எல்லோரும் நம்புவார்கள், பிறகு காய்ச்சல் திரும்பும். முறையான சிகிச்சை டாக்ஸிசைக்ளினோடு ரிஃபாம்பிசினையோ ஸ்ட்ரெப்டோமைசினையோ சேர்த்துக் கொடுப்பது. மாத்திரை ஆறு வாரம் தொடர வேண்டும். வெள்ளணுவுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை ஒற்றை மருந்தாலோ ஒரு வார ஊசியாலோ வெளியேற்ற முடியாது. பத்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு நோய் மீண்டும் வருகிறது.

இதையெல்லாம் தவிர்க்க இரண்டு கேள்வி போதும். "வீட்ல மாடு கன்னு இருக்காம்மா?" "இருக்குங்க சார், ரெண்டு உருப்படி." "சமீபத்துல ஏதாவது கன்னு வீசுச்சா?" பத்து வினாடி ஆகும் இந்தப் பேச்சு, பல மாத அலைச்சலையும் ஆயிரக்கணக்கான ரூபாய்ச் செலவையும் மிச்சப்படுத்தும்.

நோயை மாட்டிலேயே நிறுத்துவது இன்னும் மேலானது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அதன் மூலக் கிருமியை 1923-ல் அமெரிக்காவில் ஜான் பக் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து எடுத்தார். ஆய்வகத்தில் ஓராண்டுக்கு மேல் அறை வெப்பத்தில் கிடந்ததில் அதன் வீரியம் குறைந்து, நோய் தராமல் எதிர்ப்பு மட்டும் தருவதாக மாறிவிட்டது. எஸ்19 என்ற அந்த ரகம் நூறாண்டு கழித்தும் நம் கன்றுகளைக் காக்கிறது. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்குமாக 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே ஒரு ஊசி, கட்டணம் கிடையாது. காதில் 12 இலக்கத் தோடு மாட்டிப் பதிவும் செய்கிறார்கள்.

ஏன் கிடேரிக்கு மட்டும், ஏன் அந்த வயதில் மட்டும் என்று விவசாயிகள் கேட்பது நியாயமான கேள்வி. இது உயிருள்ள கிருமியால் ஆன ஊசி. சினை மாட்டுக்குப் போட்டால் கன்று விழலாம். காளைக்கன்றுக்குப் போட்டால் விதைப்பையைத் தாக்கலாம். வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் பின்னால் சோதிக்கும்போது ஊசியால் வந்த எதிர்ப்பா, நோயால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. போடுகிறவர் கையில் தவறுதலாகக் குத்தினாலும் கண்ணில் தெறித்தாலும் மனிதருக்கே நோய் வரும். ஆகவே கன்றைப் பிடித்துக் கொடுக்கிறவரும் கொஞ்சம் எச்சரிக்கையாக நிற்க வேண்டும்.

தடுப்பூசிக்கு முன்பே தொற்றிய மாடுகளை என்ன செய்வது? ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் மந்தைகளைச் சோதித்து, நோயுள்ளவற்றை அறுத்து, உரியவருக்கு இழப்பீடு கொடுத்து நோயை ஒழித்தன. ஆஸ்திரேலியாவில் 1989-ல் மாட்டுப் புருசெல்லோசிஸ் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் பல மாநிலங்களில் பசுவதைத் தடை இருப்பதாலும், மக்களின் மனம் ஒப்பாததாலும் அந்த வழி மூடியிருக்கிறது. விளைவு, கன்று வீசிய மாடு சந்தைக்குப் போகிறது. தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறார்; கன்று வீசிய கதை பேச்சில் வருவதில்லை. வாங்கியவர் வீட்டுக் கொட்டகையில் அடுத்த ஈற்றில் நோய் பரவுகிறது. விற்றவரைக் குற்றவாளி ஆக்குவது எளிது. கடன் வாங்கி வாங்கிய கறவை மாடு அது. இழப்பீடு தர யாரும் இல்லாதபோது, நோயைச் சொல்லி நஷ்டத்தை ஏற்கும்படி ஓர் ஏழைக் குடும்பத்தை மட்டும் கேட்பது நியாயமாகாது. நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்ட இடமும், அதை விற்காமல் வைத்திருக்க உதவித் தொகையும் அரசு தர வேண்டும்.

அந்தச் செலவு வீண்போகாது என்பதற்கு மங்கோலியாவில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பத்தாண்டுக் காலக் கால்நடைத் தடுப்பூசித் திட்டத்தின் வரவு செலவை ஆராய்ந்து 2003-ல் வெளியான அந்த ஆய்வு, போடும் ஒரு டாலருக்குச் சமூகத்துக்கு 3.2 டாலர் திரும்பும் என்றது. மாட்டில் கிடைக்கும் லாபத்தோடு மனிதரின் மருத்துவச் செலவும் கூலியிழப்பும் மிச்சமாவதைச் சேர்த்துக் கூட்டியதில் வந்த விடை அது. கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் தனித்தனிக் கணக்கேடு வைத்திருக்கும்வரை இந்த லாபம் இருவர் கண்ணுக்கும் முழுதாகத் தெரியாது.

நகரத்தில் பாக்கெட் பால் வாங்குகிறவருக்கு இந்த நோயால் ஏறக்குறைய எந்த அச்சமும் இல்லை. பாஸ்டரைஸ் செய்த பால் பாதுகாப்பானது. அந்தப் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றுகிறவர், கொட்டகை கூட்டுகிறவர், ஈற்றுக்குக் கை கொடுக்கிறவர், ஊசி போடும் கால்நடை ஆய்வாளர், இறைச்சிக் கூடத்தில் வேலை செய்கிறவர் ஆகியோர்தான் பாலுக்கும் கறிக்கும் உடம்பால் விலை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 கணக்கெடுப்பின்படி 95 லட்சம் மாடுகள் இருக்கின்றன. அவற்றில் பெருவாரி ஒன்றிரண்டு உருப்படி வைத்திருக்கும் வீடுகளில், பெண்களின் கையில் வளர்கின்றன. சொசைட்டியில் பாலின் கொழுப்பளவைச் சோதிக்கும் அதே அக்கறையோடு, ஆண்டுக்கு ஒருமுறை பால் ஊற்றுகிறவர்களின் ரத்தத்தையும் சோதிக்க ஏற்பாடு செய்தால் என்ன?

மாடு வைத்திருக்கிறவர்கள் இப்போதே செய்யக்கூடியது இது: சினை மாடு கன்றை வீசினால் கையில் தொடாமல் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். மற்ற மாடுகளைத் தள்ளிக் கட்டுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் பத்து நாளைத் தாண்டினால், மருத்துவர் கேட்காவிட்டாலும் "எங்க வீட்ல மாடு இருக்கு, கன்னு வீசுச்சு" என்று நீங்களே சொல்லுங்கள். கிடேரிக் கன்று இருந்தால் அதன் வயதை இன்றே எண்ணிப் பாருங்கள். எட்டு மாதம் தாண்டிவிட்டால் அந்த ஊசியைப் போட மாட்டார்கள்.